ஏசுபாதம் வீட்டில் வராத படம்

தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்ட்டில், ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து நின்றதும் ஆட்கள் இறங்கி வரிசையாக நிற்பார்கள். ஏசுபாதம் ஒவ்வொருவராகச் சோதனை போடுவார். வாயைத் திறக்கச் சொல்வார், தலைமயிருக்குள் விரலை விட்டுத் துழாவுவார், டிபன் டப்பாவின் அடியைத் தட்டிப் பார்ப்பார். பொட்டுத் தங்கம்கூட வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்தபோது யூனிஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். சந்தேகத்தை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். மைன்ஸ் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் அப்படித்தான், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். சுவர் வழியாக நான் கேட்டதும், அவர் மகள் ஐடா என்னிடம் வந்து சொன்னதும் சேர்ந்ததுதான் இந்தக் கதை. தபால்காரர் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டியிருப்பார் என்பார் ஏசுபாதம். எங்கள் வீட்டுக் கோழி அவர் வாசலில் மேய்ந்தால், யார் அனுப்பி வந்தது என்று கேட்பார். அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனைவி செத்த பிறகு ஒண்டி ஆளாக ஐடாவை வளர்த்தவர் அவர். பெண்ணுக்குத் தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐடா வீட்டிலிருந்தபடியே பெங்களூர் அச்சகம் ஒன்றுக்குத் தமிழ் டைப் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷாஃப்ட்டில் இறங்கி வேலை செய்த முனியப்பனின் மகன் ஸ்ரீநிவாஸ் பெங்களூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். தினமும் பங்காருபேட்டைக்குப் போய் ரயில் பிடிப்பவன் ஆதலால், அவள் டைப் செய்ததை ஃப்ளாப்பியில் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன்தான். அவளுக்கு லேப்டாப் பார்த்து வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். அதன் சொந்தத் திரை உடைந்துபோயிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. தனியாக ஒரு பெரிய மானிட்டரைக் கேபிளால் இணைத்து அதில்தான் பார்க்க வேண்டும்.

அச்சகக்காரர்கள், இங்கேயே வந்துவிடு, ஹாஸ்டல் பார்த்துத் தருகிறோம் என்று ஓயாமல் கேட்டார்கள். அப்பாவை விட்டுவிட்டு வரமாட்டேன், வீட்டிலிருந்தே செய்து தருகிறேன் என்று அவளும் ஓயாமல் சொன்னாள். வீட்டில் மெஷின் ஓடுகிற வரைக்கும்தான் அந்தப் பதில் செல்லும். ஏசுபாதத்துக்கும் அது தெரியும். மைன்ஸை மூடப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. வீடு வீடாகப் பிள்ளைகள் பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டிலும் அது நடந்துவிடுமோ என்ற பயம் அவருக்குச் சோற்றைக்கூட இறங்கவிடவில்லை.

அந்த மெஷினுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மானிட்டர் கேபிள் அவருடைய டிரங்குப் பெட்டியில் பூட்டியிருக்கும், சாவி இடுப்பில். ஐடா முதலில் லேப்டாப்பைப் போட வேண்டும். அதில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்த பிறகுதான் பெட்டியைத் திறந்து கேபிளை எடுத்துவந்து கொடுப்பார். நிறுத்துவதானால் முதலில் கேபிள் அவர் கைக்குத் திரும்பி வரவேண்டும், அப்புறம்தான் ஸ்விட்ச். வேலை நடக்கிற இடத்தில்தான் சாமான், மற்ற நேரத்தில் ஸ்டோரில் என்பது மைன்ஸில் அவர் பார்த்துப் பழகிய முறை. ஐடா சிரித்துக்கொண்டே அதற்குப் பழகிவிட்டாள். பழகியதெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும் என்பதுதான் கஷ்டம்.

அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் புது சிஸ்டத்துக்கு மாற்றியதால் இவளும் மாற வேண்டியிருந்தது. ஸ்ரீநிவாஸ் லேப்டாப்பை எடுத்துப்போய், உள்ளே ஓடுகிற சிஸ்டத்தை மாற்றிப் புதியதை ஏற்றிக்கொண்டு வந்தான். சாயங்காலம் அவனே கேபிளைச் செருகி, மெஷினைப் போட்டுக் காட்டினான். படம் பளிச்சென்று வந்தது. காலையில் ஐடா போட்டாள். விளக்கு எரிந்தது, உள்ளே டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்டது, தொடங்குகிற இசைகூட வந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பு.

அவன் மறுபடி பெங்களூருக்குக் கொண்டுபோனான். அங்கே கடை மானிட்டரில் படம் வந்தது. திரும்பக் கொண்டுவந்து இங்கே போட்டான், வந்தது. அவன் போன மறுநாள் கறுப்பு. இப்படியே நடந்தது. ஐடா வேலையை முடிக்க முடியாமல் தவித்தாள். அச்சகத்திலிருந்து, இனிமேல் காத்திருக்க முடியாது, நேரில் வந்து செய்வதானால் வா என்று சொல்லியனுப்பினார்கள்.

ஏசுபாதம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யோசித்தார். சோதனைக்காரருடைய யோசனை.

"அவன் எதிர்ல வருது. அவன் போயிட்டா வரல. அப்பன்னா இன்னா அர்த்தம்? போம்போது உள்ளேர்ந்து எதையோ உருவிக்கினு போறான்."

"அப்பா, அவன் சும்மா வந்து செஞ்சி குடுக்கறான்ப்பா" என்றாள் ஐடா.

"சும்மா செய்றவனத்தாம்மா மொதல்ல பாக்கணும்."

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீநிவாஸ் வந்தான். படம் வந்தது. அவன் பையை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது ஏசுபாதம் குறுக்கே நின்றார்.

"கைய தூக்குப்பா."

"இன்னா அங்கிள்?"

"தூக்கு."

லைனே வேடிக்கை பார்த்தது. நானும்தான் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டு. அவர் அவன் சட்டைப் பையைத் தட்டினார், இடுப்பைத் தடவினார், காலரைத் திருப்பினார், பையைக் கவிழ்த்துக் கொட்டினார். சீப்பு, ரயில் சீசன் டிக்கெட், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பாதி சாப்பிட்ட பன். வேறொன்றும் இல்லை. கொஞ்சமும் வெட்கப்படாமல் அவன் செருப்பையும் கழற்றச் சொன்னார் மனுஷன்!

ஸ்ரீநிவாஸ் செருப்பைக் கழற்றிக் காட்டினான். கொட்டிக் கிடந்ததைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே நின்ற ஐடாவைப் பார்த்து, "இனிமே நான் வரல ஐடா. ஃப்ளாப்பிய வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனான். ஐடா அன்று சமைக்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல மெஷினைப் போட்டாள். ஏசுபாதம் பெட்டியைத் திறந்து கேபிளைக் கொண்டுவந்தார். செருகினாள். கறுப்பு. "பாத்தியா, நேத்தே எதையோ எடுத்துட்டுதான் கையத் தூக்கிக்கினு நின்னிருக்கான்" என்று அவர் ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் கரண்ட் போனது.

பேட்டரி எப்போதோ செத்துப்போன மெஷின் அது, உடனே அணைந்தது. ஏசுபாதத்துக்கு, தன் வீட்டுக் கரண்ட் ஒயரை மட்டும் யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று சந்தேகம். வெளியே ஓடி ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். எங்கள் வீட்டிலும் கேட்டார். "எங்க வூட்லயும் இல்லீங்க, நாங்க எடுக்கல" என்றேன். முறைத்துவிட்டு நகர்ந்தார்.

அவர் லைன் கோடிக்குப் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஐடா ஸ்விட்சைப் போட்டாள். கேபிள் அவர் கைக்குத் திரும்பாமல் செருகியபடியே இருந்தது. மெஷின் தொடங்கும்போது வரும் முதல் வெள்ளை எழுத்திலிருந்தே படம் வந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு நிறுத்தினாள். கேபிளைக் கழற்றிவிட்டு மெஷினைப் போட்டு, விளக்கு எரிந்த பிறகு செருகினாள். கறுப்பு. நிறுத்தினாள். செருகிவிட்டுப் போட்டாள். படம். பழைய சிஸ்டம், கேபிளை எப்போது செருகினாலும் படத்தை அனுப்பிவிடும். புதியது அப்படியில்லை. தொடங்குகிறபோதே வெளியே மானிட்டர் இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் படத்தைத் தன் உடைந்த திரைக்கே அனுப்பிவிடுகிறது, அப்புறம் என்ன செருகினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்ரீநிவாஸ் வரும்போதெல்லாம் முதலில் கேபிளை வாங்கிச் செருகிவிட்டுத்தான் மெஷினைப் போட்டிருக்கிறான். அவனிடம் அந்தச் சட்டம் செல்லவில்லை.

ஏசுபாதம் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது மானிட்டரில் படம் தெரிந்துகொண்டிருந்தது. ஐடா அவருக்கும் அதைச் செய்து காட்டினாள். அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன்.

"யாருக்குப் பயந்துப்பா இதப் பூட்டி வெச்சீங்க?" என்று ஐடா கேட்டாள். "நம்ம லைன்ல பகல்ல ஒருத்தரும் கதவச் சாத்தறதுகூட இல்ல."

"காலம் கெட்டுக் கெடக்குதும்மா."

"அத்த விடுங்க. யாருக்குப் பயந்து?"

"உனக்குதாம்மா." அவர் இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டார். "பைல போட்டுக்கினு போற மெஷினு. நான் சர்ச்சுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நீ எடுத்துக்கினு கெளம்பிட்டா நான் இன்னா பண்ணுவேன்? இந்த ஒயரு இல்லாம அது வேலைக்காவாதே, அதனால போவமாட்டேன்னு..."

ஐடா அழுதாள். கோபத்தில் அழுதாள். "போவணும்னா என்னிக்கோ போயிருப்பேன்ப்பா. தெனம் இங்க இருக்கேன்னுதானே சொல்லிக்கினு இருந்தேன். என்னையும் வரிசைல நிக்க வெச்சிட்டீங்களே."

அன்றைக்கே அவர் முனியப்பன் வீட்டுக்குப் போய் ஸ்ரீநிவாஸிடம் மன்னிப்புக் கேட்டார். ஸ்ரீநிவாஸ் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. முனியப்பன்தான் வாசலில் நின்று பேசினார். "ஷாஃப்ட்ல என்னையத் தடவினீங்க, சம்பளத்துக்கு நின்னேன். எம்புள்ள உங்க வூட்டுக்கு உதவிக்கு வந்தான் சார்." ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார். இதோடு சரியாகிவிடும், மெஷினும் ஓடுகிறது, பெண் இருந்துவிடுவாள் என்று அவர் நம்பினார். நான்கூட நம்பினேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் ஐடா பெங்களூருக்குக் கிளம்பி, துணிப்பையோடு வாசலுக்கு வந்தாள். முகம் கழுவி, சாமி படத்துக்கு முன் நின்று ஜெபம் பண்ணிவிட்டு வந்திருந்தாள். ஏசுபாதம் பின்னாலேயே ஓடிவந்தார். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் சுருட்டிய கேபிள்.

"இதையாவது எடுத்துக்கினு போம்மா."

ஐடா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"வேணாம்ப்பா. அங்க மெஷின் குடுப்பாங்க. இது இங்கயே பத்தரமா இருக்கட்டும்."

அவள் பஸ்ஸுக்கு நடந்துபோனாள். அவர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.