ஊசிக்கு வந்தவள்

சொன்னால் வெட்கக்கேடு. அவன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்டதில்லை. அச்சகத்தில், ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கிய தாளை ஒரே அமுக்கில் வெட்டித் தள்ளும் கட்டிங் மெஷின்காரன். அப்பேர்ப்பட்ட ஆள், மயிரளவு ஊசியைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொள்வான். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. அப்போதிலிருந்து அம்மா போட்டாள். அம்மாவுக்குக் கண் மங்கியதும் அக்கா போட்டாள். அக்கா கல்யாணமாகிப் போன பிறகும் தினமும் பஸ் ஏறி வந்து போட்டுவிட்டுப் போனாள்; அவள் புருஷன் முகம் கறுத்தது. அதற்குப் பிறகுதான், பையனுக்கு ஒரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்கு ஞானம் பிறந்தது.

வந்தவள் பழைய துணிகளை அளவு திருத்தித் தைக்கிறவள். பேன்ட் நீளம் குறைப்பாள், இடுப்பைப் பிரித்து விடுவாள், பல் போன ஜிப்பை எடுத்துவிட்டுப் புதிது வைப்பாள். வீட்டின் முன்னறையிலேயே மெஷின். தெருவுக்கெல்லாம் அவள் ஆல்டரேஷன் அக்கா. காலையில் அவன் வயிற்றில் ஊசி போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தால், சாயங்காலம் அடுத்த ஊசிக்குத்தான் எழுந்திருப்பாள். வலிக்காமல் போடுவாள். அவன் கண் திறப்பதற்குள் முடிந்திருக்கும். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது, பாவம்.

ஊசி போடுகிற உடம்பில் சில நேரம் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். மற்றவர்களுக்கென்றால் வியர்க்கும், கை நடுங்கும், சுதாரித்துக்கொள்வார்கள். இவன் உடம்பு அந்தத் தகவலைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. இறங்கினால் வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவான். கல்யாணமான புதிதில் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்: "உன்னைக் கட்டினதே ஊசி போடத்தான். இல்லேன்னா இந்த மூஞ்சிய எவன் பார்ப்பான்?"

அவள் விக்கித்துப் போனாள். மாமியார் சாவகாசமாக ஜூஸ் தம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதக் குடிக்க வை. அழாத. அவன் பேசல, சுகர் பேசுது."

உண்மைதான். குடித்துக் கொஞ்ச நேரத்தில் பூனைக்குட்டி மாதிரி ஆனான். "ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். அவன் என்ன வைதாலும் சுகர் பேசுது. அவள் அப்பனை இழுத்துப் பேசினானா, சுகர். அவள் சமைத்ததை நாய் தின்னாது என்றானா, சுகர். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அந்தச் சட்டத்தை மீறவில்லை. வருஷக்கணக்காக வாங்கிய வசவையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கழுவிக் கழுவித் துடைத்தாள். இல்லாவிட்டால் எப்படிக் குடித்தனம் நடத்துவது, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு ஒருநாள் கட்டிங் மெஷின் கத்தி முன்னால் நின்றபடியே அவனுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. தாளைச் சரிசெய்துகொண்டிருந்தவன், தன் கை உள்ளே இருக்கும்போதே அமுக்கப் போனான். யாரோ பிடித்து இழுத்ததால் விரல்கள் பிழைத்தன. முதலாளி அவனை, வெட்டிய தாளை எண்ணிக் கட்டுப் போடும் மேஜைக்கு மாற்றினார். அவன் அவமானத்தில் குன்றிப்போனான். அந்த நிலைமையில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த வைத்தியத்தைச் சொன்னார். இறந்துபோன ஒருவரின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை மட்டும் பிரித்தெடுத்து, இவன் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் குழாய் வைத்து இறக்குவார்கள். அவை அங்கேயே தங்கி வேலை செய்யும்.

"வேத்தாள் செல்லு. உங்க உடம்பு அத வெரட்டத்தான் பார்க்கும்," என்றார் டாக்டர். "வெரட்டாம இருக்க மாத்திரை. காலம்பூரா. ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது."

செய்தார்கள். சில மாதங்களில் ஊசி குறைந்து குறைந்து, ஒருநாள் நின்றே போனது. சுகர் ஏறவுமில்லை, விழவுமில்லை. கத்தி திரும்ப அவன் கைக்கு வந்தது. அவளுக்கு மனசு நிறைந்துபோனது. யாரென்று தெரியாத அந்த இறந்த ஆளை நினைத்து, தைத்துக்கொண்டே அழுதாள். இனிமேல் இந்த வீட்டில் கெட்ட வார்த்தை இருக்காது என்றும் நினைத்தாள்.

ஒரு விடுமுறை நாள், மத்தியானம். மாத்திரையால் அவனுக்கு வாயெல்லாம் புண். அவள் தண்ணீரும் கையுமாக வந்து, "மாத்திரை போட்டாச்சா?" என்றாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மா நைநைன்னு. உன்னைக் கட்டினது ஊசி போட. ஊசியே நின்னாச்சு. இன்னும் எதுக்கு என் தலைமேல நிக்கிற?"

அவள் கால்கள் தாமாக உள்ளே ஓடின. ஜூஸை ஊற்றினாள். சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்து அவன் விரலில் குத்தினாள். நூற்று நான்கு. கருவி கெட்டுவிட்டதோ என்று வேறு விரலில் குத்தினாள். நூற்றொன்று. இறங்கவே இல்லை.

"என்ன பார்க்கிற? எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்," என்றான் அவன். ஜூஸ் தம்ளரை எடுத்துத் தாகத்துக்குக் குடித்தான்.

மறுநாள் அவள் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, என்னை எதுக்குப் பிடிச்சுது உங்களுக்கு?"

நாத்தனார் நல்ல மனுஷிதான். அதனாலேயே பொய் சொல்லத் தெரியவில்லை. "முதமுதல்ல உன்னப் பார்க்க வந்தப்ப நீ ஊசில நூல் கோத்துட்டிருந்தம்மா. ஒரே தடவ. கை ஆடவே இல்ல. இந்தப் பொண்ணுன்னா நான் நிம்மதியா என் வீட்டப் பார்க்கலாம்னு அவன்கிட்ட சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"வலிக்காமப் போடுவாளான்னு கேட்டான்." நாத்தனார் சிரித்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பைப் பாதியிலேயே நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு அவள் மாத்திரையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. புண் எரிகிறது, தனக்குத்தான் குணமாகிவிட்டதே என்று அவன் மாத்திரையை விட ஆரம்பித்தான். சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுக்கும்போதெல்லாம் அட்டை பிரிக்காமல் கிடப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். தலைமேல் நிற்க வேண்டாம் என்றானே, நிற்கவில்லை. அவள் செய்ததைச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. வயிறு எரிந்தது, பேசாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

உடம்பு தன் வேலையைச் செய்தது. வந்த செல்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. சர்க்கரை முந்நூறைத் தாண்டியதும் டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகத் திட்டி, பழையபடி ஊசி எழுதிக் கொடுத்தார். கத்தி மறுபடியும் வேறு ஆளுக்குப் போனது. வீட்டுக்கு வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டான். அவள் போட்டாள்.

சில வாரம் கழித்து, ஒரு மாலை. கட்டுப் போடும் மேஜையிலிருந்து வந்தவன் நேராக முன்னறையில் அவள் காலடியில் உட்கார்ந்தான். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஊசிக்காக வந்தவ இல்லடி. நீ என் உசுரு. நான் பாவி. உன்ன அழ வெச்சே கொன்னுட்டேன்."

இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அவன் தலையில் கை வைக்கப் போனவள், எதையோ நினைத்து எழுந்துபோய்க் கருவியை எடுத்து வந்தாள். ஐம்பத்திரண்டு.

ஜூஸைக் கொடுத்தாள். கட்டிலுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். பக்கத்திலேயே நின்று காத்திருந்தாள். அவன் முகத்தில் நிறம் திரும்பியதும் மறுபடி குத்தினாள். நூற்றுப் பத்து.

"இப்பச் சொல்லுங்க," என்றாள்.

"என்னத்த?"

"கொஞ்சம் முன்ன என் காலடியில உட்கார்ந்து சொன்னீங்களே."

அவன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கு எதுவும் ஞாபகமில்லை. "சுகர் இறங்கியிருந்துச்சா? நான் எதாச்சும் உளறியிருப்பேன், விடு."

"சரி. நான் உங்களுக்கு யாரு? அதையாச்சும் சொல்லுங்க."

"இது என்ன கேள்வி. நீ இல்லேன்னா எனக்கு யாரு ஊசி போடுவா? விரல் எரியுது, இனிமே குத்தாத. சாப்பாட்டப் போட்டு, அப்படியே ஊசியும் போட்டுடு."

அவள் சாப்பாடு போட்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். மருந்தை அளவு பார்த்து ஏற்றி, ஊசியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி. சதையப் பிடிச்சுக்கிட்டுக் குத்துங்க. கண்ணைத் திறந்து வெச்சுக்கங்க."

முன்னறையில் ஒரு பெண் காத்திருந்தாள். மகளின் கோட்டில் ஜிப் போய்விட்டதாம், அவசரமாம். அவள் மெஷினில் உட்கார்ந்து பழைய ஜிப்பைப் பிரித்தாள். உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டான். முதலில் அதட்டலாக, பிறகு கெஞ்சலாக, பிறகு அழுகையாக.

"உள்ள உங்களத்தான் கூப்பிடறாங்க போல," என்றாள் அந்தப் பெண்.

"ஆமா," என்று சொல்லிவிட்டு அவள் ஜிப்பை நேராக வைத்து மெஷினை ஓட்டினாள்.