எதிர்காற்றில் ஃப்ரான்சிஸ்டவுன்

மாவுன் விமான நிலையத்தில், ஐந்து சிறு விமானங்கள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் தரை துடைக்கத்தான் செகமெட்ஸி முதலில் சேர்ந்தாள். அங்கே சுவரில் ஆளுயர வரைபடம் ஒன்று தொங்கியது. தூசி தட்டும்போதெல்லாம் அதன் ஓரத்துச் சிறு கோடுகள் அவள் கண்ணை இழுத்தன. ஒருநாள் கேட்டேவிட்டாள். மேலிருந்து கீழாக ஒரு பாகைக்கு நூற்றுப் பதினோரு கிலோமீட்டர் என்றார்கள்.

அது போதும் அவளுக்கு. இரண்டு ஊர்களுக்கு நடுவே தையல் நூலை இழுத்துப் பிடிப்பாள். அதே நூலை ஓரத்துக் கோடுகளில் வைத்துப் பார்ப்பாள். தூரம் வந்துவிடும், வேகத்தால் வகுத்தால் நேரம். விமானிகள் சிரித்தார்கள், பந்தயம் கட்டினார்கள், தோற்றார்கள். அந்த வேலைக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை தேறி, நாற்பத்தாறு வயதில் பயணத் திட்டம் போடும் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

ஓர் ஆகஸ்ட் காலை, ஏழு மாதத்தில் பிறந்த குழந்தை ஒன்றை அவசரமாக ஃப்ரான்சிஸ்டவுன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தாய் கெனெவாங்கும் செவிலி லெசெடியும் விமானத்தடியில் நின்றார்கள். விமானி மொதிரி கைபேசியைப் பார்த்துவிட்டுச் செகமெட்ஸியிடம் கேட்டான்.

"நானூத்தி நாப்பது கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். ஆக்சிஜன் ரெண்டேகால் மணி தாங்கும். கெளம்பட்டுமா, ம்மா?"

"காத்து எந்தப் பக்கம்னு உன் போனுக்குத் தெரியுமாடா?"

அன்று கிழக்கிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று. விமானத்தின் வேகமான இருநூற்று இருபதில் ஐம்பது போனால் நூற்று எழுபது.

"ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். இன்னொரு சிலிண்டர் இல்லாம கெளம்பக்கூடாது."

"தாழப் பறந்தா காத்து கொறையுமே?"

"கொறையும். குலுக்கவும் செய்யும். ஒண்ணரைக் கிலோ பிள்ளைடா அது."

இன்னொரு சிலிண்டர் ஊரின் மறுகோடியில் இருந்த மருத்துவமனையில்தான் இருந்தது. வந்துசேர இருபத்தைந்து நிமிடம். கெனெவாங் அழுதாள்: "எம் பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது, நீங்க கணக்குப் போட்டுக்கிட்டிருக்கீங்களே ம்மா!"

செகமெட்ஸிக்குச் சுருக்கென்றது. கணக்கு தப்பாக இருந்தால்? அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் குழந்தையிடமிருந்து திருடியவள் ஆகிவிடுவாளே. அலுவலகத்துக்குள் ஓடினாள். வரைபடத்தில் மறுபடி நூலைப் பிடித்தாள். தூரம் மாறவில்லை. திரும்பிவந்து தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி வந்தது, சிலிண்டர் ஏறியது, விமானம் கிளம்பியது.

மதியம்வரை அவள் தேநீரைக்கூடத் தொடவில்லை. கடைசியில் தொலைபேசி ஒலித்தது.

"எறங்கியாச்சு ம்மா. ரெண்டு மணி முப்பத்தெட்டு நிமிஷம். மூணு நிமிஷம் தப்பு!"

"அது நீ எறங்கத் தடுமாறின நேரம். பிள்ளை எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

லெசெடி குறுக்கே பேசினாள். "முதல் சிலிண்டர் நடுவானத்துலயே தீந்துபோச்சு ம்மா. மாத்தினோம். இப்ப ஆஸ்பத்திரி வண்டியில சூட்டுப் பெட்டிக்குள்ள வெச்சாச்சு, காலை உதைக்கிறா."

செகமெட்ஸி கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஏழு வாரம் கழித்து கெனெவாங் குழந்தையோடு அலுவலகத்துக்கு வந்தாள். மகளைச் செகமெட்ஸியின் மடியில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கொழுகொழுவென்றிருந்த குழந்தை செகமெட்ஸியின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.