சொன்னது அரை டிராப்பர்

மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது ஒரு கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரம்மா ஒருவர் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனம்மணி, கொழந்தைக்குச் சோறுகீறு போடறீங்களா இல்லீங்களா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயசம் வருமுன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் குழந்தை டாக்டர், ரத்தம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச்சத்துச் சொட்டுமருந்து எழுதிக்கொடுத்திருந்தார். தினமும் அரை டிராப்பர். இன்னும் என்னென்னவோ சொன்னார். நான் போனில் ஆபீசுக்குப் பதில் தட்டிக்கொண்டே "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று தலையாட்டினேன். கல்யாணத்திலிருந்து வந்த அன்றே அரை டிராப்பரை முழு டிராப்பர் ஆக்கிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. சத்துதானே, விஷமா என்ன என்று நினைத்தேன். படித்த புத்தி!

நான் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மதுக்கரையிலிருந்து ஓர் அக்கா பஸ் ஏறி வருவார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். என்னிடம் ஒரு வாய் வாங்குவதற்குள் ஊரைக் கூட்டும் குழந்தை, அவர் மடியில் ஒரு கிண்ணம் பருப்புச் சோற்றைச் சத்தமில்லாமல் தின்னும். எனக்கு அது பிடிக்காது. பெற்றவள் நான், ஒட்டுவது அங்கேயா என்று உள்ளுக்குள் ஓர் எரிச்சல் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் "அக்கா, அக்கா" என்று தேனாகப் பேசுவேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அவர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"அம்மணி, பாப்பாக்கு மூணு நாளா வயிறு செரியாவே போகலீங்க. முக்கி முக்கி அழுவுது. வந்தாலும் கருப்பா, கெட்டியா வருதுங்க. டாக்டருகிட்ட ஒருக்கா காட்டிப்போடலாங்களா?"

கருப்பு என்ற சொல்தான் என் காதில் விழுந்தது. குழந்தை வயிறு உப்பி அழுதால், வசம்பை விளக்கில் சுட்டுக் கரியாக்கி, உரைத்து, நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் உண்டு. அதெல்லாம் என் வீட்டில் கூடாது என்று முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தேன்.

"வசம்பு குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லீங்க அம்மணி. நீங்க சொன்னதுக்கப்புறம் அதையப் போயி தொடுவனுங்களா?"

எனக்கு மூக்கு நுனியில் கோபம். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று அவருடைய ஒயர் கூடையை எடுத்து மேசைமேல் கொட்டினேன். சோற்று டப்பா, சீப்பு, பஸ் டிக்கெட், முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டை. முடிச்சை அவிழ்த்தால் ஒரு துண்டு வசம்பு!

"அது என்ற தங்கச்சி கொழந்தைக்குங்க. கையில கட்டறதுக்கு வாங்குனதுங்க" என்றார்.

அந்தத் துண்டு சுடப்படவே இல்லை. நுனியில்கூடக் கரி கிடையாது. அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் வாய் நிற்கவில்லை. "பச்சக் கொழந்தைக்கு விஷத்தக் குடுத்துட்டுப் பொய் வேற பேசறீங்களா? நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றேன். அவர் குழந்தையின் வாயைத் துடைத்து என் கையில் கொடுத்தார். சிதறியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் குழந்தை வாந்தி எடுத்தது. டாக்டரிடம் ஓடினேன். உட்காருவதற்கு முன்பே, வேலைக்காரி வசம்பு கொடுத்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, மருந்து பாட்டிலைக் கேட்டார். அதில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"எவ்வளவு குடுக்கறீங்க?"

"நீங்க சொன்ன அளவுதாங்க."

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் சொன்ன அளவுன்னா இந்நேரம் பாதிக்கு மேல இருக்கணுமே?"

நான் மகளின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இரும்புச்சத்து குடுத்தாலே மலம் கருப்பாத்தான் போகும்னு அன்னிக்கே சொன்னனுங்க. அளவு கூடுனா வயிறு கட்டிக்கும், வாந்தி வரும். இன்னும் கூடுனா உயிருக்கே ஆபத்துங்க. வசம்பும் ஒண்ணும் நல்லதில்ல. ஆனா இது வசம்பு இல்லீங்க."

உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மருந்தை நிறுத்தியதும் நாலைந்து நாளில் வயிறு சரியானது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பாவம் செய்தவள் நான்.

குழந்தைக்காகப் போட்ட லீவு முடியும் சமயத்தில் மதுக்கரைக்கு அக்காவைத் தேடிப் போனேன். மனம் திருந்திப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால்தான் போனேன். வண்டி ஓட்டிக்கொண்டே, "அக்கா, தப்பு என்னோடது, மன்னிச்சிருங்க" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாப்பாக்கு இப்ப வயிறு போகுதுங்களா?"

"போகுதுங்க அக்கா" என்றேன். அடுத்து அந்த வார்த்தைகள் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. "நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. நாளைக்கு வந்திருங்க."

"உங்களுக்குப் பெரிய மனசுங்க அம்மணி" என்றார். காபி போட்டுக்கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். தூ!

மகளுக்கு இப்போது நாலு வயது. அக்கா இன்னும் வருகிறார். வந்ததும் கூடையை மேசையில் வைத்து, அதன் வாயை விரித்து, "பாத்துக்கங்க அம்மணி" என்பார். வேண்டாங்க அக்கா என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "இருக்கட்டுங்க, உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்பார். நான் பார்த்து "சரிங்க" என்ற பிறகுதான் குழந்தையைத் தொடுவார். உண்மையைச் சொல்லத் தினமும் அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்கிறது. இன்றுவரை சொல்லவில்லை.

அக்காவை அத்தை என்று கூப்பிடும் மகள்தான் இப்போதெல்லாம் முதலில் ஓடுகிறாள். எக்கி நின்று கூடைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். "ஒண்ணுமில்லீங்கம்மா, அத்தைய உள்ள உடலாங்க" என்கிறாள்.