பொனட்டில் காய்ந்த மிளகு

குற்றம் காருடையது என்றுதான் நம்பியிருந்தேன். நம்ப வேண்டியிருந்தது.

கடைசிக் கிளினிக்கின்போது டாக்டர் என் மனைவியின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நடக்குறப்ப மூச்சு வாங்குனா சமாளிக்கலாம். சும்மா உக்காந்திருக்குறப்பயும் வாங்க ஆரம்பிச்சா, மருந்தால செய்ய ஒண்ணுமில்ல." அன்றே, ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பாதையில் வீட்டுக்கு ஏறும்போது, காரில் சும்மா உட்கார்ந்திருந்த அவளுக்கு மூச்சு வாங்கியது. "காத்தே வரலங்க" என்றாள். டாஷ்போர்டின் காற்றுத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வரவில்லைதான். எவ்வளவு சந்தோஷப்பட்டேன், வெட்கமேயில்லாமல்.

மழைக்கும் பனிக்கும் கண்ணாடியை இறக்க முடியாத பாதை அது. ஏசியின் குளிர் பட்டால் அவளுக்கு இருமல் பிடிக்கும். உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிட்டால் எங்கள் இருவர் மூச்சிலும் முன்கண்ணாடி வெளுத்துவிடும். வெளிக்காற்று வேண்டும். அது வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் எதையெதையோ திணித்து வைத்திருந்தேன்.

மறுநாள் அலுவிகாரையில் தெரிந்த கராஜுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். கராஜ் பாஸ் டிஷ்யூவில் ஒரு கீற்றைக் கிழித்துத் துவாரத்தின் முன் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காற்றின் வேகக் குமிழைத் திருப்பினார். இரைச்சல் ஏறியது, தாள் அசையவில்லை. உள்காற்றுக்கு மாற்றினார். தாள் படபடத்து எழுந்தது. மறுபடி வெளிக்காற்று. தாள் செத்துத் தொங்கியது.

"மோட்டார் நல்லா ஈக்கு அண்ணே. வெளிய இருந்து காத்து வாற வழிதான் அடச்சிருக்கு."

வைப்பர்களைக் கழற்றி, முன்கண்ணாடிக்குக் கீழிருந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினார். உள்ளே மிளகு. மழையில் ஊறி, பூஞ்சணம் பிடித்து, கராம்புக் காம்புகளோடும் சருகுகளோடும் களியாக இறுகிக் கிடந்தது.

"என்ன அண்ணே, காருக்கு ரசம் வச்சுக் குடுத்தீங்களா?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமெடுத்தது.

"நான்தான். வெயில் இல்லாத நாள்ல, இவரு வந்து நிப்பாட்டுனதும் பொனட் சூடா இருக்கும்ல. சாக்க விரிச்சுக் காயப்போட்டுருவேன். தூறல் விழுந்தா அவசரமா அள்ளுறது, கண்ணாடிப் பக்கம் சிந்தியிருக்கும்."

"எங்க வீட்லயும் இதே வேலதான் அக்கா. கராஜ்காரன் காருக்கே இந்தக் கதி."

நான் சிரிக்கவில்லை. தூறல் விழுந்ததும் அடுப்படியிலிருந்து முற்றம்வரை ஒரே பாய்ச்சலாக வருவாள். சாக்கின் நான்கு முனையையும் ஒரே பிடியில் அள்ளிக்கொண்டு திரும்பி ஓடுவாள். கடைசியாக எப்போது அப்படி ஓடினாள்? இந்த மிளகு அவள் ஓடிய நாட்களில் சிந்தியது.

பாஸ் எல்லாவற்றையும் வாரியெடுத்து, பிரஷ் போட்டு, மூடியைப் பூட்டினார். தாளைப் பிடித்தார். அது அவர் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு பின்சீட்டுக்குப் பறந்தது.

ரத்தோட்டை கழிந்ததும் பனி இறங்கியது. கண்ணாடியில் ஒரு பொட்டு வெண்மை இல்லை. அவள் நெற்றி முடி பின்னால் பறந்தது; சேலைத் தலைப்பு தோளில் படபடத்தது. இரண்டு வளைவு கடந்திருப்போம்.

"கொஞ்சம் கூட்டுங்களேன். காத்தே வரல."

குமிழ் நான்கில் நின்றது. அதற்கு மேல் இலக்கமில்லை. மூன்றுக்கு இறக்கி, அவளுக்குச் சத்தம் கேட்கும்படி மறுபடி நான்குக்கு ஏற்றினேன்.

"இப்ப?"

அவள் உள்ளங்கையைத் துவாரத்தில் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"இப்ப பரவாயில்லங்க."

கண்ணாடியில் துடைக்க ஒன்றுமில்லை. துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.