ஜாடிக்குத் துணை

விழுப்புரத்திலிருந்து வந்த எங்கள் பஸ், திண்டிவனத்தில் அச்சு முறிந்து நிற்கிறது. மாலையில் மீனம்பாக்கத்திலிருந்து என் மகள் சிங்கப்பூருக்கு, கணவனிடம் போகிறாள். இனி எந்த வருஷம் பார்ப்பேனோ.

புதுச்சேரி சாலையிலிருந்து ஒரு வேன் வந்து டீக்கடை முன் நிற்கிறது. விமானக் கம்பெனி தன் பயணிகளுக்கென்றே மீனம்பாக்கத்துக்கு விடும் புது வண்டி. பக்கவாட்டில் கம்பெனியின் சின்னமான பெரிய நீலப் பறவை. ஓட்டுநர் சட்டையிலும், பெட்டிகளில் தொங்கும் சீட்டுகளிலும் அதே பறவை. விமானம் வாங்கியதைவிட இந்தப் பறவையைத் தேர்ந்தெடுக்கத்தான் அதிகக் கூட்டம் போட்டிருப்பார்கள்.

விமான டிக்கெட் இல்லாதவரை ஏற்றக்கூடாது என்று விதி. அத்தகைய விதிகளை எழுதியே பென்ஷன் வாங்குகிறவன் என்பதால் கேட்க வாய் வரவில்லை.

டீக்கடையோரம் வேர்க்கடலை விற்றபடி என் புலம்பலைக் கேட்டிருந்த மல்லாட்டைக்காரம்மா விடவில்லை. "இன்னாப்பா டிரைவரு, பெரியவரு பொண்ண வழியனுப்பணும்னு பேஜாரா நின்னுக்கினு இருக்காரு. ஏத்திக்கினு போயேன்."

"டிக்கெட் இல்லாம ஏத்தக்கூடாதும்மா." ஓட்டுநர் என் பக்கம் திரும்புகிறார். "பொண்ணுக்குன்னு எதனா எடுத்தாந்தீங்களா சார்?"

"ஊறுகாய் ஜாடி."

பறவைச் சீட்டு ஒன்றை ஜாடியின் கழுத்தில் கட்டுகிறார். "இப்ப இது பயணி சாமான். ஒடையற சாமான், புடிச்சிக்க ஆளு வேணுமில்ல? ஜல்தி ஏறுங்க!"

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். சாமானுக்குத் துணை போகலாம் என்று எந்த விதியும் இல்லை. கூடாதென்றும் இல்லை. அதை எழுத மறந்த அதிகாரி நன்றாயிருக்கட்டும்.