பதினாறாவது டிரம்

காபித் தம்ளரைத் தூக்கி, அதன் அடியை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் வேடியப்பன் வாயில் வைப்பார். எவர்சில்வர் தம்ளர் எங்காவது ஒழுகுமா? கேட்டால், "ஒழுகாதுனு எவன் எழுதிக் குடுத்தான்?" என்பார்.

கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருஷம் வெல்டிங்கைச் சோதித்த மனிதர். ஓய்வு பெற்று வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார், சந்தேகம் மட்டும் ஓய்வு பெறவில்லை. சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். மாடித் தொட்டி, குக்கர், பக்கத்து வீட்டுக் குழாய் என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் வட்டம் போட்டுவிடுவார். "வெல்டிங் போட்டவனே செக் பண்ணக் கூடாது. தளத்துல அதான் சட்டம்" என்று டீக்கடையில் அவர் சொல்லாத நாளில்லை.

அம்மன் கோயில் தெப்பத்தை மட்டும் விடுவாரா? பதினாறு இரும்பு டிரம்களைக் கட்டி, மேலே பலகை பரப்பியது அது. "கப்பல் வயித்த அறை அறையா தடுத்திருப்பாங்க. ஒண்ணுல தண்ணி பூந்தா மத்தது தாங்கும். இங்க டிரம்முதான் அறை. ஆனா மூலை டிரம்மு நெறஞ்சுதுன்னா தெப்பம் அந்தப் பக்கமே சாயும்" என்பார். தண்ணீருக்கு மேல் டிரம் ஒரு முழமாவது நிற்க வேண்டும், கம்மியானால் ஆளை இறக்கு என்று ஒவ்வொரு டிரம்மிலும் கோடு கிழித்திருக்கிறார்.

இந்த வருஷம் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. அவர் மனைவி ரேணுகாம்பாள் தெப்பத்தில் உட்கார்ந்து பாடப் போகிறாள். ஆறு வருஷத்து ஆசை. நீச்சல் தெரியாது. அவளுக்கு ஒதுக்கிய இடமோ ஒரு மூலை.

காலையிலிருந்து குளக்கரையில் டிரம்களோடு மல்லுக்கட்டினார். வெளியே வெல்டிங் மேல் சாக்பீஸ் மாவைக் கரைத்துப் பூசுவது, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி உருட்டுவது. ஓட்டை இருந்தால் வெள்ளையில் கறை ஊறும். ஒன்றிலும் ஊறவில்லை. அதற்கும் மனிதர் முகத்தைச் சுளித்தார்.

"கட்டலாமாண்ணா?" என்றார் விழாக்குழு சகாதேவன், கயிற்றை எடுத்தபடி.

"கட்டு."

ரேணுகாம்பாள் எண்ணிப் பார்த்தாள். "பதினஞ்சுலதான வெள்ள பூசியிருக்குது? அந்த மூலை டிரம்மு?"

"அது போன வருசம் நானே வெல்டிங் போட்டது."

"போட்டவன் செக் பண்ணக் கூடாதுனு ஊரு பூரா சொல்றீங்க. தள்ளுங்க, நான் பாக்கறேன்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"முப்பது வருசமா உங்க கூட குப்ப கொட்டறேன். இது தெரியாதா?"

அவளே பூசினாள், காயவிட்டாள், ஊற்றினாள், உருட்டினாள். சகாதேவன் கயிற்றோடு வாய் பிளந்து நின்றார். வேடியப்பன் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் கழித்து வெள்ளையில் மிளகளவு கறை ஒன்று தெரிந்தது. மெல்லப் பரவியது.

ஐயோ, வேடியப்பன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சட்டென்று குனிந்து, கறை மேல் கட்டைவிரலை வைத்து மூடினார். சகாதேவன் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. ரேணுகாம்பாளுக்குத் தெரியும்.

பிறகு விரலை எடுத்துவிட்டு, பையிலிருந்த சாக்பீஸை அவள் கையில் வைத்தார்.