ஷ்ரெடருக்குள் போன சைகோன் சான்று

1. செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு ஐந்து

"தம்பி, ஜெராக்ஸ் உள்ள வெச்சிருந்தேனே, அந்த ஒரிஜினல குடுத்துடு. நான் கெளம்பறேன்."

மரி தெரேஸ் அம்மா இதைக் கேட்டபோது மணி பன்னிரண்டு ஐந்து. அவர் சொன்ன ஜெராக்ஸ் பதினொன்று நாற்பதுக்கே தாள் வெட்டும் ஷ்ரெடருக்குள் போய்விட்டது. போட்டவன் நான். எந்தத் தாளை எப்போது வெட்டினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் பழக்கம் என்பதால் நிமிடம் வரை தெரியும்.

எங்களுடையது புதுச்சேரியில் சான்றிதழ்களைப் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்த்துத் தரும் அலுவலகம். உரிமையாளர் சலீம் பாய். நான் தலைமை எழுத்தர். மரி தெரேஸ் அம்மா முத்தியால்பேட்டையிலிருந்து வருபவர். அவருடைய அப்பா பிறந்தது அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சைகோனில். அந்தப் பிறப்புச் சான்றின் மூலத்தாள் அம்மாவின் மகனுடைய பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவை. பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் வெள்ளிக்கிழமை காலை நேர்காணல். இன்னொரு நகல் கேட்டுப் பிரான்ஸுக்கு இரண்டு முறை எழுதியும் அவருக்குப் பதில் வரவில்லை.

மூலத்தாளை அதன் ஜெராக்ஸுக்குள் வைத்து இரண்டாக மடித்துக்கொண்டு வருவது இந்த ஊரில் பலருக்கும் வழக்கம். கை வியர்வை படாது, ஓரம் கிழியாது. பல வருடங்களாக நான் பார்க்கிற வழக்கம்தான். அன்று அவர் மடித்த ஜெராக்ஸை மேசைமேல் வைத்து, "இதையும் வெச்சுக்க" என்றார். எங்களிடம் ஸ்கேன் ஏற்கெனவே இருந்தது. வேண்டாத நகல் என்று, வெட்ட வேண்டியவற்றைச் சேர்க்கும் தட்டில் போட்டேன்; தட்டு நிறைந்ததும் மிஷினில் விட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரிச்சுப் பாக்கலியா நீ?"

"இல்லம்மா."

"எங்க அப்பா கப்பல்ல எடுத்தாந்த பப்பியே, அந்தக் காலத்துத் தாளு அது. அவரு போனப்புறம் பையனுக்கு ஆதாரம்னு அது ஒண்ணுதான் இருக்கு."

2. மிஷின்

அந்த ஷ்ரெடரைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று கிராஸ் கட். தாளைச் சிறு துண்டுகளாக்கும், ஒரு தடவைக்கு ஐந்தாறு தாள்தான் எடுக்கும். இன்னொன்று ஸ்ட்ரிப் கட். ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் நீளக் கீற்றுகளாக வெட்டும், பத்துத் தாள் வரை போகும். "ஸ்ட்ரிப் கட் போதும் பாய், வேலை சீக்கிரம் முடியும்" என்றேன்.

மிஷினுக்கு மேலே என் கையெழுத்தில் விதிகளை ஒட்டியிருந்தேன். பின்னை எடு. மடிப்பைப் பிரி. இரண்டு நிமிடம் ஓட்டினால் இருபது நிமிடம் ஆறவிடு. வாரம் ஒருமுறை கழிவுத்தாளில் எண்ணெய் தடவி உள்ளே விடு. ஸ்பிரே அடிக்காதே, தீப்பிடிக்கும்.

அரியாங்குப்பத்திலிருந்து வரும் செல்வி எங்கள் டைப்பிஸ்ட். அந்த விதிகளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ரூல் எழுதனதும் நீங்க, ஒடச்சதும் நீங்க. நாங்க செஞ்சிருந்தா இந்நேரம் மெமோ வந்திருக்கும் சார்."

நான் மிஷினின் கழிவுத் தொட்டியை வெளியே இழுத்தேன்.

3. கீற்றுகள்

தொட்டியை நான் சனிக்கிழமைதான் காலி செய்வேன். அதனால் எல்லாம் உள்ளேயே இருந்தது. தரையில் பெட்ஷீட் விரித்துக் கொட்டினோம். வெள்ளைத் தாள்களுக்கு நடுவே அந்தப் பழைய தாள் மஞ்சளாகத் தனியே தெரிந்தது. பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

தாளை மடித்தபடியே பக்கவாட்டில் விட்டிருந்தேன். அதனால் பற்கள் எழுத்து வரிசையின் போக்கிலேயே வெட்டியிருந்தன. அநேகமாக ஒரு வரி ஒரு கீற்றில் முழுசாக இருந்தது. நிமிர்த்தி நேராக விட்டிருந்தால் ஒவ்வொரு வரியும் முப்பதுக்கும் மேற்பட்ட துண்டாகியிருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அன்று காலைதான் மிஷினுக்கு எண்ணெய் விட்டிருந்தேன். கீற்றுகளின் ஓரத்தில் பிசுக்கு, டேப் ஒட்டவில்லை. செல்வி கைப்பையிலிருந்து முகப்பவுடரை எடுத்துத் தூவினாள். வெற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தி ஒரு நாள் விட்டோம். பின்பக்கம் முத்திரை இருந்ததால் பசை தடவ முடியாது. புதன்கிழமை மாலை, ஓரங்களில் மட்டும் மெல்லிய டேப் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக அடுக்கினோம். கீழ் ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் கிடைக்கவில்லை. நல்லவேளை, அங்கே எழுத்து இல்லை.

தாள் அந்த நிலையில் ஏன் இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன். சலீம் பாய் தயங்கினார்.

"நம்ம லெட்டர்ஹெட்லயா? நாமளே கிழிச்சோம்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் ஒரிஜினல நம்ம கையில குடுப்பான்?"

"எழுதலன்னா அந்தம்மாவே ஏதோ ஒட்டு வேல பண்ணிட்டாங்கன்னு நெனைப்பாங்க பாய்."

லெட்டர்ஹெட் ஒன்றை எடுத்து நடந்ததை எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெட்டியவன் என்று என் பெயரையும் அதில் எழுதச் சொன்னேன்.

4. வெள்ளிக்கிழமை

மூன்று மணிக்கு மரி தெரேஸ் அம்மா வந்தார். "விண்ணப்பத்த எடுத்துக்கிட்டாங்க. ஒரிஜினல பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. லெட்டர ரெண்டு வாட்டி படிச்சாரு அந்த ஆபீசரு. யாரு ஒட்டினதுன்னு கேட்டாரு. வெட்டனவரே ஒட்டனாருன்னேன். சிரிச்சிட்டாரு."

செல்வியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாங்கள் இரண்டு நாளில் சேர்த்த தாளை வேறு யார் வேண்டுமானாலும் சேர்க்க முடியும். இத்தனை காலம் எத்தனையோ குடும்பங்களின் விவரங்களை அழித்துவிட்டதாக நினைத்து, நீளக் கீற்றுகளாகப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கிறேன். அடுத்த வாரமே கிராஸ் கட் வாங்கினோம். அதில் விழுந்தது திரும்ப வராது. ஆகவே தட்டில் விழும் தாள் ஒரு நாள் அப்படியே கிடக்கும். மறுநாள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பிறகே வெட்டு. மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எத்தனை தாள் எடுக்கும் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். வெட்டியதை யாராவது படிக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் மரி தெரேஸ் அம்மா பையிலிருந்து புதிதாக ஒரு ஜெராக்ஸை எடுத்தார். பிளாஸ்டிக் உறையை அதற்குள் வைத்து, மெல்ல இரண்டாக மடித்தார்.

"அம்மா, மறுபடியுமா?"

"பின்ன? அழுக்காயிடாது?" என்றவர் அதை மேசைமேல் நீட்டினார். "பொண்ணுக்கும் ஒரு காப்பி மொழிபெயர்த்துக் குடு. இதையும் வெச்சுக்க."

இரண்டு கையாலும் வாங்கி, அவர் எதிரிலேயே பிரித்தேன்.